தொண்டை பேக்கை எடுத்துவிட்டுத் தூங்குங்கள்

நான் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். 2020, 2021 இரண்டு வருடமும் தூங்காமல் கிடந்த ராத்திரிகள் நிறைய. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கக் கற்றுக்கொண்டேன். எது உதவியது, எது கெடுத்தது என்று எழுதி வைக்கிறேன். அடுத்து ஒரு பெருந்தொற்று வந்தால் இன்றைக்கு பிஜி படிக்கிற பிள்ளைகள்தான் தியேட்டரில் நிற்பார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் நீங்களும் படியுங்கள்; பாதி விஷயம் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

தூக்கம் எதனால் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை ஜாஸ்தி, அதனால் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் முதல் சில மாதங்கள் எங்களுக்குக் கத்தி பிடிக்கிற வேலையே இல்லை. அவசரம் இல்லாத அறுவை சிகிச்சைகளை எல்லாம் தள்ளிப் போட்டார்கள். உலகம் முழுக்க 12 வாரங்களில் மட்டும் சுமார் 2 கோடியே 84 லட்சம் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகும் என்று கோவிட்சர்ஜ் ஆய்வுக் குழு அப்போது கணக்கிட்டது. எங்களைக் கொரோனா பரிசோதனைக்கு ஸ்வாப் எடுக்க அனுப்பினார்கள், பிறகு கோவிட் வார்டுக்கு. இருபது வருடமாகக் கையால் ஒன்றைச் செய்து, அதன் பலனை மறுநாள் ரவுண்ட்ஸில் பார்த்துப் பழகியவள் நான். அங்கே ஆக்ஸிஜன் அளவு 88, 86, 84 என்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது. தூக்கம் போக ஆரம்பித்தது அங்கேதான்.

அதோடு பயம். வென்டிலேட்டரில் நாள்பட இருப்பவர்களுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது எங்கள் துறை வேலை. மூச்சுக்குழாயைத் திறக்கிற அந்த நொடியில் நோயாளியின் காற்று நேராக நம் முகத்துக்கு வரும். மயக்க மருத்துவர் வென்டிலேட்டரை நிறுத்துவார், தியேட்டரே அமைதியாகும், அந்தச் சில நொடிக்குள் குழாயை உள்ளே விட வேண்டும். 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் கொரோனாவில் இறந்தார். அவர் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடித் தாக்கியது. கடைசியில் அவருடைய நண்பரான எலும்பு அறுவை மருத்துவர் இரண்டு ஊழியர்களோடு சேர்ந்து, தன் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் துறையில் யாரும் தூங்கவில்லை என்று மறுநாள் பேசும்போதுதான் தெரிந்தது. நமக்கும் ஆறடி கிடைக்குமா என்று எல்லாருக்கும் ஒரே கேள்வி.

அந்த வகைப் பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே தாளில் எழுதினேன். எந்த வங்கியில் என்ன கணக்கு, இன்சூரன்ஸ் காகிதம் எங்கே, பொண்ணு பள்ளிக்கூட விஷயத்தை யார் பார்த்துக்கொள்வது. கணவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பீரோவில் வைத்தார். அழுதுகொண்டேதான் எழுதினேன். ஆனால் அன்றோடு அந்தக் கேள்வி ராத்திரியில் வருவது குறைந்துபோனது. நீங்களும் எழுதுங்கள். ஒரு தடவை எழுதினால் போதும், திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டாம்.

நாலு மணி நேரத்தைக் கட்டிப் போடுங்கள்

ஒரு வாரம் நைட், ஒரு வாரம் தனிமை என்று மாறிக்கொண்டே இருந்தால் உடம்புக்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரியாமல் போகும். எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று யாராவது சொன்னால் அந்த நிலைமையில் எரிச்சல்தான் வரும். அதனால் எட்டை விடுங்கள். எந்த ஷிஃப்ட் வந்தாலும் நீங்கள் படுக்கையில் இருக்க முடிகிற நாலு மணி நேரம் எது என்று பாருங்கள். எனக்கு அது காலை 9 முதல் மதியம் 1 வரை. அந்த வார்டு மாதங்களில் நைட் முடிந்து வந்தாலும் சரி, தனிமையில் விடுதி அறையில் இருந்தாலும் சரி, அந்த நாலு மணி நேரத்தை மாற்றவே இல்லை. மிச்சத் தூக்கத்தை முன்னாலோ பின்னாலோ கிடைத்த இடத்தில் சேர்த்துக்கொண்டேன். தினமும் ஒரே நேரத்தில் நாலு மணி நேரம் தூங்கினாலே உடம்புக் கடிகாரம் ரொம்ப அலையாமல் நிற்கும்.

பகலில் தூங்க அறை இருட்டாக இருக்க வேண்டும். ஜன்னலில் பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினேன். கண்ணில் ஈரம் பிழிந்த துண்டு. போனை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான்: அந்த நாலு மணி நேரம் வாசல் மணி அடிக்காமல், குக்கர் விசில் வராமல், "யாரோ கூப்பிட்டாங்க" என்று எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா அதற்காகவே சோற்றைக் குக்கரில் வைப்பதை விட்டுவிட்டு வடிக்க ஆரம்பித்தார்.

நைட் முடிந்து வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை விழித்துக்கொள்ளும், உடம்போ தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் சிக்னலில் நின்ற என் ஸ்கூட்டர் தானாக நகர்ந்து முன்னால் நின்ற ஆட்டோவில் இடித்தது. நான் கண்ணை மூடியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து டியூட்டி ரூமில் இருபது நிமிடம் படுத்து எழுந்து, ஆட்டோவில்தான் வீட்டுக்கு வருவேன்.

விடியற்காலை 3 மணி

உடம்பின் சூடு ஒரு நாளில் மிகக் குறைவாக இருப்பது அதிகாலை 3 முதல் 5 மணி வரை. கை நடுங்குவது, அளவு தப்புவது, ஊசியை விட்ட இடத்திலேயே திரும்ப விடுவது எல்லாம் அந்த நேரத்தில்தான் அதிகம். 1997இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற அளவு 0.03. காலை 6 மணிக்கு எழுந்தவர் ராத்திரி 11 மணிக்கு அந்த அளவைத் தாண்டிவிடுகிறார். அப்புறம்தான் எமர்ஜென்சி கேஸே வருகிறது.

அதனால் ராத்திரி 2 மணிக்குள் ஒரு சின்னத் தூக்கம் போட்டே ஆக வேண்டும். நாசா செய்த சோதனையில் விமானிகள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம். நான் அலாரத்தை 25க்கு வைப்பேன். ஒரு மணி நேரம் என்று வைக்காதீர்கள். ஆழ்ந்த தூக்கத்தில் பாதியில் எழுந்தால் தலை கனத்து, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. ஒன்று 20, 25 நிமிடம். இல்லாவிட்டால் ஒரு முழுச் சுற்று, அதாவது ஒன்றரை மணி நேரம். எழுந்த உடனே கத்தியைத் தொடாதீர்கள். முகம் கழுவி, நோயாளியின் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லி, ஒரு கால் மணி நேரமாவது போன பிறகு ஸ்க்ரப் ஆகுங்கள், அதாவது கை கழுவி அறுவைக்குத் தயாராகுங்கள்.

டீ, காபி விஷயத்தில் நான் ரொம்பத் தப்பு செய்தேன். விடியற்காலை 4 மணிக்கு கேண்டீன் அண்ணன் பால் கொதிக்க வைத்ததும் முதல் டம்ளர் எனக்குத்தான். காபியில் இருக்கிற காஃபின் பாதி குறையவே அஞ்சு, ஆறு மணி நேரம் ஆகும். 4 மணிக்குக் குடித்துவிட்டு 9 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று புலம்பினால் என்ன அர்த்தம்? நைட் டியூட்டியில் ராத்திரி 1 மணிக்கு மேல் காபி வேண்டாம். அந்த இருபது நிமிடத் தூக்கத்துக்குப் படுக்கும் முன்னால் ஒரு டம்ளர் குடித்தால், எழும்போது அது வேலை செய்ய ஆரம்பித்திருக்கும்.

தொண்டை பேக்

மூக்கில் அறுவை செய்யும்போது ரத்தம் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்காமல் இருக்க, ஈரமான காஸ் துணியை நீளமாக மடித்துத் தொண்டையில் வைப்போம். அதுதான் தொண்டை பேக். வைத்ததும் சிஸ்டர் சுவரில் இருக்கிற போர்டில் 'தொண்டை பேக் உள்ளே' என்று நேரத்தோடு எழுதுவார். கேஸ் முடிந்து மயக்கம் தெளிவிக்கும் முன் மயக்க மருத்துவர் சத்தமாகக் கேட்பார்: "பேக் எடுத்தாச்சா?" நான் எடுத்து, கையில் தூக்கிக் காட்டி, "எடுத்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் சிஸ்டர் போர்டை அழிப்பார். அழித்த பிறகுதான் குழாயை உருவுவார்கள். மறந்தால் நோயாளிக்கு மூச்சு நின்றுவிடலாம்.

2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை வந்தது. கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு, கோவிட் மூன்றும் சேர்ந்து, பூஞ்சை மூக்கில் இருந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. ஒரு நாளைக்கு மூன்று நாலு கேஸ். செத்துப்போன திசு கறுத்துக் கிடக்கும், ரத்தம் வராது. ரத்தம் வருகிற இடம் வரைக்கும் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். கண் டாக்டரும் நானும் ஒரே டேபிளில் நிற்போம். ஒருவருக்குக் கண்ணையே எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்ற நிலைமை. வயது நாற்பதுகூட இல்லை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்த அவர் மனைவி பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்: "இன்னொரு கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டரம்மா?" ஆகாமல் பார்த்துக்கிறோம் என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி படுத்தால் அந்தப் பேனாதான் கண்ணில் நின்றது. அவர் அதன் மூடியைத் திறந்து திறந்து மூடியது. மூன்று ராத்திரி அப்படியே. நாலாவது நாள் தியேட்டரில் சிஸ்டர் போர்டை அழிக்கும்போதுதான் தோன்றியது: நோயாளியின் தொண்டையில் இருந்து எடுக்கிறேன், என் தொண்டையில் வைத்ததை எடுக்காமலே வீட்டுக்குப் போகிறேன்.

அன்றிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்துக்கொண்டேன். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், உடை மாற்றுகிற அறை பெஞ்சில் உட்கார்ந்து அஞ்சு நிமிடம் எழுதுவேன். வீட்டில் வைத்து எழுதாதீர்கள். படுக்கையில் நிச்சயமாக எழுதாதீர்கள். நாளைக்குச் செய்ய வேண்டியதை முதலில் எழுத வேண்டும், யார் செய்வது, எத்தனை மணிக்கு என்பதோடு. '7ஆம் படுக்கை, பூஞ்சை மருந்து ஆம்போடெரிசின் ரெண்டு குப்பிதான் பாக்கி, காலை 8க்கு ஸ்டோருக்கு நானே போன்' என்கிற மாதிரி. அதன் கீழே, இனி யாராலும் மாற்ற முடியாதது. 'கண்ணை எடுத்தோம். வேறு வழி இல்லை. அவர் மனைவி கேட்டது என் மனசில் இருக்கிறது.' அவ்வளவுதான், ஒரு வரி, இரண்டு வரி. விளக்கம் எழுத ஆரம்பித்தால் விசாரணையாகிவிடும். எழுதி முடித்ததும் கோடு போட்டு, வாய்விட்டு "எடுத்தாச்சு" என்று சொல்வேன். நோட்டு லாக்கருக்குள் போகும், வீட்டுக்கு வராது.

என் கற்பனை மட்டும் இல்லை. 2018இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 பேரிடம் செய்து பார்த்தார்கள். படுக்கும் முன் நாளைய வேலைகளை அஞ்சு நிமிடம் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். எனக்கு இதைவிடப் பெரிய உதவி, அந்தப் பேனா கொஞ்ச நாளில் ராத்திரி வருவதை நிறுத்தியதுதான். பகலில் இன்னமும் வருகிறது. வரட்டும்.

தூக்கம் வராமல் படுத்திருக்காதீர்கள்

இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மணி பார்க்க வேண்டாம், உத்தேசமாகத் தெரியும். விழித்தபடியே புரண்டுகொண்டிருந்தால், கட்டில் என்றால் விழித்திருக்கிற இடம் என்று மூளை பழகிவிடும். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஒரு வேலை செய்யுங்கள். நான் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரிப்பேன். கைக்கு வேலை, தலைக்கு வேலை இல்லை. ஒரு நாள் தண்ணீர் குடிக்க வந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்து, இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டார். அரைக் கிலோ முடிவதற்குள் எனக்குக் கண் சொருகியது. "போய்ப் படும்மா" என்றார். போனை எடுத்து கோவிட் எண்ணிக்கை பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாத்திரை

இதை எழுதத் தயங்கினேன், ஆனாலும் எழுத வேண்டும். 2021 ஜூனில் பதினோரு ராத்திரி நான் அல்பிரசோலம் போட்டுக்கொண்டேன், பதற்றத்தைக் குறைத்துத் தூங்க வைக்கிற மாத்திரை. நானே எனக்கு எழுதிக்கொண்டது. டாக்டர்களுக்கு மாத்திரை கிடைப்பது தண்ணீர் கிடைப்பது மாதிரி சுலபம். அதில்தான் ஆபத்து. அந்த மருந்து உடம்பில் பாதி குறையவே 11 மணி நேரம் போல ஆகும். ராத்திரி 1 மணிக்குப் போட்டு 8 மணிக்கு ஸ்க்ரப் ஆனால், பாதிக்கு மேல் ரத்தத்தில் இருக்கும்போதே மூளைக்கு அடியில் கருவி பிடிக்கிறோம். பன்னிரண்டாவது நாள் மனநல மருத்துவரிடம் போனேன். என் மருத்துவமனைக்காரர் இல்லை. வேறு ஊர், போனில்தான் முதலில் பேசினேன். அவர் நிறுத்தும் முறையைச் சொல்லி, நான் மேலே எழுதியிருக்கிற பாதியைக் கற்றுக்கொடுத்தார். உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு பெக் போட்டால் தூக்கம் வரும் என்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: வருகிற தூக்கம் பின்ராத்திரியில் உடையும்.

எப்போது ஆள் தேட வேண்டும் என்று தெரியவில்லை என்றால் மனச்சோர்வை அளக்கிற பிஎச்கியூ-9 என்கிற ஒன்பது கேள்வித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும், மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த வாரத்திலேயே ஒருவரைப் பாருங்கள். எனக்கு 14 வந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்கிற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 'சில நாட்கள்' என்று பதில் வந்தாலும் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்கிற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை இந்தியாவில் எங்கிருந்தும் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நியூயார்க்கில் எமர்ஜென்சி மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி கேட்டால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்தார் என்று அவர் குடும்பம் சொன்னது. 2022இல் அவர் பெயரில் அங்கே ஒரு சட்டமே வந்தது, மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் பிஜிக்களிடம் நான் முதல் வாரமே சொல்லிவிடுவேன், மேடமும் போயிருக்கிறேன் என்று.

டியூட்டி போடுகிறவர்களுக்கு

துறைத் தலைவர்கள் இதைப் படித்தால்: தனி ஆள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, சரியில்லை என்றால் ஒன்றும் நடக்காது. தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் போடாதீர்கள். நைட் டியூட்டி முடித்தவரைக் காலை அறுவை லிஸ்டில் நிறுத்தாதீர்கள். ஒருவர் டேபிளில் இறந்த அன்று, கிளம்பும் முன் பத்து நிமிடம் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். சிஸ்டரும், தியேட்டர் அண்ணனும் உட்பட. யார் தப்பு என்று பேசுகிற கூட்டமாக அது ஆகக் கூடாது, அதற்கு வேறு நாள் இருக்கிறது.

அப்புறம், யார் எப்போது படுப்பது என்பதையும் ரோஸ்டரில் எழுதுங்கள். 'முடிந்தால் தூங்கிக்கோ' என்றால் ஜூனியர் யாரும் தூங்க மாட்டார்கள். 12 முதல் 2 வரை இவர், 2 முதல் 4 வரை அவர், அந்த நேரத்தில் அவருடைய போன் இவர் கையில் என்று பெயரோடு இருக்க வேண்டும். நாங்கள் அப்படி எழுதிய பிறகும் இரண்டு பெண் பிஜிக்கள் நர்சிங் ஸ்டேஷன் நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டில் காலியாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டேன். ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை."

எழுதிக் கொடுத்து வர நாளாகும் என்று அன்று மாலையே கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். தியேட்டர் அண்ணன் திருப்புளியோடு வந்து மாட்டிக் கொடுத்தார். அன்று ராத்திரி 2 மணிக்கு அந்தப் பெண் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. அவள் போன் என் கையில் இருந்தது. 4 மணி வரைக்கும் அது இரண்டு தடவை அடித்தது. இரண்டையும் நானே பார்த்துக்கொண்டேன்.